மாப்பிள்ளையின் விரலில் கசிந்த மின்சாரம்

எங்கள் வீட்டு மாப்பிள்ளை விரலை நீட்டினால், நாலு தெரு தள்ளி ஓடுகிற கம்பியில் எத்தனை வோல்ட் போகிறது என்று சொல்லிவிடுவார். இது கொஞ்சம் கூடுதல்தான். நாலு தெரு என்பதை ஒரு சுவர் என்று குறைத்துக்கொள்ளுங்கள், வோல்ட் கணக்கையும் விட்டுவிடுங்கள். சுவருக்குள் கம்பி ஓடுகிறதா இல்லையா என்று புறங்கையை ஒட்டிவைத்துச் சொல்வார். பத்துக்கு ஏழு தடவை சரியாக இருக்கும். மீதி மூன்று தடவை, சுவரைக் கட்டியவன் மேல் தப்பு என்பார்.

எதிரே மகள் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டே நான் எழுதுவதை எட்டிப் பார்க்கிறாள். "ஏழா? அஞ்சுன்னு போடும்மா" என்கிறாள். கட்டிக்கொண்டவளுக்கே தாராள மனசு இல்லை. நான் மாமியார், எனக்கு அந்தக் கஞ்சத்தனம் கிடையாது. ஏழு ஏழாகவே இருக்கட்டும்.

மாப்பிள்ளைக்கு நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றில் எலக்ட்ரீஷியன் வேலை. லிப்ட், தண்ணீர் மோட்டார், மாடிப்படி விளக்கு, அழைப்பு மணி எல்லாம் அவர் பொறுப்பு. வேலையோடு சேர்த்துத் தரைத்தளத்தில் மீட்டர் பலகையை ஒட்டி இரண்டு அறை கொடுத்திருந்தார்கள். வேலை இருக்கிறவரைக்கும் அறை. அந்த இரண்டு அறையில் அவர், என் மகள், அப்புறம் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றபின் பெட்டியோடு போய் ஒட்டிக்கொண்ட நான்.

கட்டடத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டெஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கம்பியில் மின்சாரம் இருந்தால் உள்ளே குட்டி விளக்கு எரியுமே, அந்தத் திருப்புளியின் பெயர்தான். அவர் சட்டைப்பையிலும் ஒன்று இருக்கும், ஆனால் தேநீரில் சர்க்கரை கலக்கத்தான் வெளியே வரும். "இந்த விரல் இருக்கும்போது அது எதுக்கு அத்தை?" என்பார். விரலைக் காட்டும்போது அவர் முகத்தில் வருகிற பெருமையைப் பார்த்தால், அது அவருக்கு மட்டும் தனியாக முளைத்தது போல இருக்கும்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, குடியிருப்புச் சங்கத்துக்குப் புதுச் செயலாளர் வரும்வரைக்கும். பழையவர் எதையும் கண்டுகொள்ளாத உத்தமர். புதியவர் நான்காம் மாடி, ஏதோ பெரிய கிடங்கில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், மேய்க்க ஆள் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தார். லிப்ட் நின்றால் மாப்பிள்ளைக்குப் போன் வரும். லிப்ட் ஓடினால், ஏன் ஒரு மாதிரி ஓடுகிறது என்று போன் வரும். போன் அடித்தால் மாப்பிள்ளைக்கு வயிறு எரியும். போகப் போக, போன் அடிக்காவிட்டாலும் எப்போது அடிக்குமோ என்று எரிய ஆரம்பித்தது.

மருந்துக்கடையில் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். காலையில் வெறும் வயிற்றில் ஒன்று. எரிச்சல் நின்றது. எத்தனை நாளைக்கு என்று அவரும் கேட்கவில்லை, கடைக்காரரும் சொல்லவில்லை. பல் துலக்குவதுபோல அது அன்றாடக் காரியமாகிவிட்டது, வருடக்கணக்கில்.

மாத்திரையோடு நிறுத்தினாரா என்றால் இல்லை. சாப்பாட்டுத் தட்டில் தினமும் ஒரு நீதிமன்றம் கூடியது. முதலில் மீன் குற்றவாளிக் கூண்டில் ஏறியது. "மீன் சாப்பிட்ட அன்னிக்குத்தான் அதிகமா எரிஞ்சுது." மீனுக்கு நாடுகடத்தல். அடுத்த வாரம் இறைச்சி. பிறகு முட்டை, தனக்காக வாதாட ஒருவரும் இல்லாமல் போய்ச் சேர்ந்தது. பால் கடைசிவரை தாக்குப்பிடித்தது, அதையும் ஒரு நாள் தேநீரிலிருந்து வெளியேற்றினார். கடைசியில் தட்டில் மிஞ்சியது கறுப்புத் தேநீரும் பிஸ்கட்டும், மத்தியானம் கொஞ்சம் ரொட்டியும் உருளைக்கிழங்கும்.

"என்னங்க, பிஸ்கட்டுல என்ன இருக்கு?" என்று என் மகள் கேட்டால், "அது எந்தத் தப்பும் பண்ணலையே" என்பார்.

இப்படி நாலைந்து வருடம் போனது. ஒரு நாள் காலை சமையலறைக் குழாயைத் திறந்தவர், கையை எடுக்காமல் அப்படியே நின்றார்.

"அத்தை, இங்க லீக் இருக்கு."

"தண்ணியா?"

"கரண்ட்."

நான் தொட்டேன், குழாய் குழாயாகத்தான் இருந்தது. மகள் தொட்டாள், அவளுக்கும் ஒன்றுமில்லை. அவருக்கு விரல் நுனியில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறதாம், பாதத்திலும் அப்படியே. பெருந்தன்மையாக, சட்டைப்பையிலிருந்து டெஸ்டரை எடுத்துத் துடைத்துக் குழாயில் வைத்தார். விளக்கு எரியவில்லை. கொஞ்ச நேரம் அதையே முறைத்தார். "இது பழசு" என்று குப்பையில் போட்டார். புதிது வாங்கி வந்தார், அதுவும் எரியவில்லை. "இப்பல்லாம் ஒழுங்கா செய்யறதில்ல" என்று அதையும் போட்டார். மூன்றாவதைக் கடைக்காரர் முகத்திலேயே எறியப் போனதாகக் கேள்வி. அதன்பிறகு எந்தக் கருவியையும் நம்பவில்லை. விரல் பொய் சொல்லாது என்ற ஒரே பிடி.

எங்கள் சமையலறைச் சுவரை உடைத்துக் கம்பியெல்லாம் மாற்றினார். அப்புறமும் எறும்பு ஊர்ந்தது. மாடிப்படிக் கைப்பிடியைத் தொட்டார், ஊர்ந்தது. லிப்ட் கதவில் ஊர்ந்தது. தபால் பெட்டியில் ஊர்ந்தது. தபால் பெட்டிக்கும் மின்சாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. இருபது வருட அனுபவக்காரர் சொல்கிறாரே.

இந்த நேரம் பார்த்துச் செயலாளர் போன் செய்தார். குளிக்கும்போது குழாயைத் தொட்டால் சுரீர் என்கிறதாம். மாப்பிள்ளை நான்காம் மாடிக்குப் போனார், நானும் வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே போனேன். குளியலறைக் குழாயில் புறங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"இருக்கு சார்."

"அதைத்தானேப்பா நானும் சொன்னேன்."

"ஆனா உங்க குழாய்ல மட்டும் இல்ல சார். கட்டடம் முழுக்க இதே அளவுக்குத்தான் இருக்கு. வேர் வேற எங்கயோ இருக்கு."

செயலாளர் முகம் வெளுத்தது. அடுத்த கணம் மேலாளர் முகம் திரும்பி வந்தது.

"அடுத்த சங்கக் கூட்டத்துக்குள்ள கண்டுபிடிச்சுச் சரி பண்ணு தம்பி. இல்லன்னா வேற ஆளைப் பார்க்கறேன். அறையையும் காலி பண்ண வேண்டியிருக்கும். அதுவரைக்கும் நான் எப்படிக் குளிக்கறது?"

"ரப்பர் செருப்பு போட்டுக்குங்க சார். கையுறையும்."

அன்றிலிருந்து செயலாளர் ரப்பர் செருப்பும் மஞ்சள் கையுறையும் மாட்டிக்கொண்டு குளித்தார். சோப்பு கையில் நிற்காது. ஒவ்வொரு காலையும் சோப்பு விழும் சத்தமும் அதைத் தொடர்ந்து மாப்பிள்ளையைத் திட்டும் சத்தமும் நான்காம் மாடியிலிருந்து தரைத்தளம்வரை கேட்கும்.

செய்தி பரவியது. இரண்டாம் மாடித் தையல்காரி கைப்பிடியைத் தொட்டுவிட்டு "ஆமா, எனக்கும் ஊருது" என்றாள். அவள் சொன்னதும் எதிர்வீட்டுக்காரருக்கு ஊர்ந்தது. அவருக்கு ஊர்ந்ததும் அவர் மனைவிக்கு இரண்டு மடங்கு ஊர்ந்தது, எதிலும் கணவருக்குக் குறைந்தவளில்லை அவள். முனைக்கடையில் ரப்பர் செருப்பு தீர்ந்துபோனது. வலது கால் செருப்பு மட்டும் மிச்சமிருந்ததால் அதையே இரண்டு காலுக்கும் வாங்கிக்கொண்டு போனவர்கள் உண்டு. (மகள் தலையை ஆட்டுகிறாள். சரி, ஒருவர்தான்.) விருந்தாளி வந்தால் கைகுலுக்க மாட்டார்கள், தூரத்திலிருந்தே தலையை அசைத்து ஒரு ஜோடி செருப்பைத் தள்ளிவிடுவார்கள்.

மாப்பிள்ளை ஒவ்வொரு மாடியாகக் கம்பியை உருவினார். பயத்தில் அவருக்குத் தூக்கம் போயிற்று, பிஸ்கட்கூட இறங்கவில்லை. வேலை போனால் மூன்று பேரும் எங்கே போவது என்பது அவர் வாயிலிருந்து வரவேயில்லை. ஆனால் சாப்பிடும்போது கண் மட்டும் அறையின் நாலு சுவரையும் ஒரு சுற்றுச் சுற்றிவரும். என் மகள் அதைப் பார்த்துவிட்டு இன்னொரு ரொட்டியை அவர் தட்டில் வைப்பாள். அவர் அதைத் திரும்ப எடுத்து வைப்பார்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டடத்துக்கு வரும் மின்சாரத்தையே மொத்தமாக நிறுத்திப் பார்ப்பது என்று முடிவானது. எல்லோரும் மாடிப்படியில் வரிசையாக, ஒரு கையைக் கைப்பிடிமேல் வைத்துக்கொண்டு நின்றார்கள். செயலாளர் மட்டும், தான் ஏற்கெனவே குளித்துவிட்டதாகவும் அன்றைக்கு இனி எதையும் தொடப்போவதில்லை என்றும் சொல்லி, நடுவரைப்போல உச்சியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மாப்பிள்ளை மெயினை இறக்கினார். விசிறிகள் நின்றன, மோட்டார் அடங்கியது.

"இப்ப இருக்கா?" என்று கீழிருந்து கேட்டார்.

எல்லோரும் பயத்தில் புஸ் புஸ் என்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இருக்கு" என்றாள் தையல்காரி.

"எனக்கும்" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"எனக்கு உதட்டுலயும்" என்றாள் அவர் மனைவி.

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். "அத்தை, நீங்க பௌதிகம் படிச்சவங்க. மெயினே இல்லாம எப்படிக் கரண்ட் வரும்?"

படிப்பு எதற்கு இருக்கிறது? தப்பான காரணத்தைக்கூடத் தெளிவாக எடுத்துச் சொல்லத்தான். பக்கத்துக் கட்டடத்தில் ஓடும் மின்சாரம் இங்கே உள்ள இரும்பில் இன்னொரு மின்சாரத்தைத் தூண்டிவிட வாய்ப்பிருக்கிறது என்று, கரும்பலகை இல்லாத குறையைச் சுவரில் கரித்துண்டால் தீர்த்து, படம் போட்டு விளக்கினேன். அவ்வளவு கச்சிதமான படத்தை என் பணிக்காலத்தில் நான் போட்டதில்லை.

உடனே பக்கத்துக் கட்டட எலக்ட்ரீஷியனை வரவழைத்தார்கள். அவர் பெரிய மீட்டர் ஒன்றோடு வந்து, மெயினை ஏற்றச்சொல்லிவிட்டு, கைப்பிடி, லிப்ட், தபால் பெட்டி என்று ஒவ்வொன்றிலும் வைத்துப் பார்த்தார். முள் அசையவில்லை. பொது இடங்களை மட்டும்தான் பார்த்தார். வீடுகளுக்குள் போக அவருக்கு விருப்பமில்லை, வாசலிலேயே எல்லோரும் செருப்பைத் தள்ளியதில் கொஞ்சம் மிரண்டிருந்தார்.

"இங்க ஒண்ணும் இல்லண்ணே" என்றார் மாப்பிள்ளையிடம்.

"உன் மீட்டருக்கு வயசாச்சுப்பா" என்றார் மாப்பிள்ளை.

இனி ஒரே வழிதான் பாக்கி என்று அவருக்குத் தோன்றியது. கம்பியே இல்லாத, சுவரே இல்லாத, தரையே இல்லாத ஓர் இடத்தில் போய் உட்கார்ந்து, விரல் சும்மா இருந்தால் எப்படி இருக்கும் என்று பழகிக்கொண்டு வருவது. அப்புறம் கட்டடத்துக்குள் வித்தியாசம் பிடிபடும். யோசனை கெட்டதில்லை. ஊர்ப் பூங்காவில் ஏரி ஒன்று உண்டு, அதில் காலால் மிதித்து ஓட்டுகிற பிளாஸ்டிக் படகுகள் உண்டு. எங்களுக்குக் கிடைத்தது வாத்து வடிவம். முன்னால் மாப்பிள்ளையும் மகளும் மிதிக்க, பின்னால் நான், வாத்தின் முதுகில். மாப்பிள்ளை முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார். கரையில் பிள்ளைகள் கூடிவிட்டார்கள்.

நடு ஏரிக்குப் போய்ச் சேர்ந்தோம். மாப்பிள்ளை கண்ணை மூடி வாத்தின் கழுத்தைத் தடவினார்.

"இருக்கு அத்தை."

"வாத்துலயா?"

"வாத்துலயும்."

மகள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "அப்ப வாத்துக்கும் எர்த் போட்டுடலாமா?"

"கிண்டல் பண்ணாத. தண்ணியில வருது."

"சரிங்க, கரைக்குப் போவோம், மிதிங்க."

"மிதிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்."

"நான் மட்டும்தான் மிதிக்கிறேன், முட்டி கழண்டுடும் போல இருக்கு. மிதிங்கன்னா."

"அடியே, மிதிக்கிறேன்."

மகள் குனிந்து பார்த்தாள். பார்த்தவள் நிமிரவில்லை. நானும் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளையின் இரண்டு பூட்ஸும் மிதிகட்டையை விட்டு விலகி, படகின் அடித்தட்டைத் தம் கட்டி மாறி மாறி அழுத்திக்கொண்டிருந்தன. அவர் முகத்தில் மிதிக்கிற களைப்பு. கால் எங்கே இருக்கிறது என்பது காலுக்குச் சொந்தக்காரருக்குத் தெரியவில்லை.

மகள் கரைவரை தனியாக மிதித்தாள். வீட்டுக்குப் போகும் வழியில் என் காதருகே வந்து, "கட்டடத்துல இல்லம்மா" என்றாள். "அவர்கிட்ட."

டாக்டரிடம் போகலாம் என்றால் மாப்பிள்ளை வரவேண்டுமே. எனக்கு ஒன்றுமில்லை, கட்டடத்துக்குத்தான் வியாதி என்பார். கூட்டத்துக்கு நாள் நெருங்கிவிட்டது, ஒரு நிமிஷம் வீணாக்க மாட்டார். எனவே நான் ஒரு சிறிய பொய்யை ஏற்பாடு செய்தேன். சின்னப் பொய்தான், கோழிமுட்டை அளவு.

"மாப்பிள்ளை, என் முட்டிக்குப் பாக்கற டாக்டரம்மா இருக்காங்கல்ல, அவங்க நோயாளியைப் படுக்கவைக்கிற மேசையில ஷாக் அடிக்குதாம். ஊர்ல இருக்கிற எலக்ட்ரீஷியன் எல்லாம் பார்த்துட்டு ஓடிட்டாங்களாம். உங்க விரலைப் பத்திச் சொன்னேன். கூட்டிட்டு வாங்கன்னாங்க."

பையைத் தூக்கிக்கொண்டு எனக்கும் மகளுக்கும் முன்னால் நடந்தார்.

டாக்டரம்மாவிடம் மகள் ஏற்கெனவே போனில் எல்லாம் சொல்லியிருந்தாள். மாப்பிள்ளை மேசையில் புறங்கையை வைத்தார். "இருக்கு டாக்டர்."

"எந்தப் பக்கம் அதிகம்?"

"எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி."

"அப்ப ஏறிப் படுங்க. கால் பக்கமும் பாத்துடலாம்."

ஏறிப் படுத்தார். டாக்டரம்மா மேசை இழுப்பறையிலிருந்து ஓர் இசைக்கவையை எடுத்தார். நான் வகுப்பில் தட்டித் தட்டிப் பிள்ளைகளுக்கு ஒலி அதிர்வு சொல்லிக்கொடுத்த அதே இரண்டு கால் இரும்பு, கொஞ்சம் பெரியது. அதைத் தட்டி ரீங்காரம் எழுப்பி, அதன் அடியை மாப்பிள்ளையின் கால் கட்டைவிரலில் வைத்தார்.

"அதிருதா?"

"எது?"

"இது."

"அது ஆஃப்ல இருக்கு டாக்டர்."

டாக்டரம்மா அதை அப்படியே எடுத்து என் கால் கட்டைவிரலில் வைத்தார். எனக்கு முட்டிவரை ஜிவ்வென்றது. மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்தார், பிறகு இரும்பைப் பார்த்தார். திரும்பத் தன் விரலில் வைக்கச் சொன்னார். அது பாடுவது காதுக்குக் கேட்கிறது, காலுக்குத் தெரியவில்லை. அவர் எழுந்து உட்கார்ந்துகொண்டார். அப்போது அவர் பார்த்தது தன் கையை. வாடகைக்கு வந்தவன் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனதை அன்றுதான் கண்டுபிடித்தவர்போல.

"என்ன சாப்பிடறீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"பிஸ்கட், டீ, ரொட்டி" என்றார். "எரிச்சலுக்கு ஒரு மாத்திரை."

"எத்தனை நாளா?"

மாப்பிள்ளை மகளைப் பார்த்தார். மகள், "இந்தச் செயலாளர் வந்ததுலேர்ந்து" என்றாள்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "உங்க தொழில் பாஷையிலயே சொல்றேன். நரம்புன்னா ஒரு கம்பி. அதுக்கு மேல ஒரு உறை உண்டு. அந்த உறை நல்லா இருக்கறதுக்கு பி-12னு ஒரு சத்து வேணும். அது மீன், இறைச்சி, முட்டை, பால்ல இருக்கு. நீங்க எல்லாத்தையும் வெளிய அனுப்பிட்டீங்க. மிச்சம் மீதி உள்ள வந்ததையும் உடம்பு ஒழுங்கா எடுத்துக்க விடாம, அந்த மாத்திரை வருஷக்கணக்கா வயித்து அமிலத்தைக் குறைச்சிருக்கும்."

மாப்பிள்ளைக்கு முகத்தில் ஒரு வெளிச்சம். "இன்சுலேஷன் போச்சா?"

"போச்சுன்னு ரத்தம் பாக்காம சொல்ல மாட்டேன். சர்க்கரை, தைராய்டு எல்லாமே பாக்கணும். ஒண்ணை மட்டும் பிடிச்சுக்கிட்டு முடிவு பண்ணக் கூடாது. அப்படிப் பண்ணித்தான் ஒரு கட்டடத்தையே பிரிச்சுட்டீங்க."

"அப்ப கட்டடத்துல எல்லாருக்கும் ஊருதே டாக்டர்? அவங்க மீன் சாப்பிடறவங்கதான்."

"பயந்து போய் வேக வேகமா மூச்சு விட்டா, கொஞ்ச நேரத்துல விரல், உதடு எல்லாம் கூசும். பயம் போனா போயிடும். உங்களுது வேற. உங்க கவலை வயித்துக்குப் போச்சு, வயிறு சாப்பாட்டை மாத்துச்சு, சாப்பாடு நரம்புக்கு வந்துடுச்சு. சுத்தி வந்து அடிச்சிருக்கு."

ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை, தைராய்டு எல்லாம் சரி, பி-12 தரைமட்டம். ஊசி போட ஆரம்பித்தார்கள். எரிச்சலுக்கு டாக்டரம்மா வேறு ஏற்பாடு செய்து, பழைய மாத்திரையைத் தன் கண்காணிப்பிலேயே குறைத்தார். நாடுகடத்தப்பட்ட முட்டைக்கும் மீனுக்கும் பொது மன்னிப்பு. "எப்ப சரியாகும்?" என்று மாப்பிள்ளை கேட்டதற்கு மட்டும் டாக்டரம்மா தேதி சொல்லவில்லை. மாசக்கணக்கில் ஆகும், கொஞ்சம் திரும்பாமலும் போகலாம், நல்லவேளை இப்பவாவது வந்தீங்க என்றார்.

மாசக்கணக்கு எங்கே, கூட்டம் எங்கே. கூட்டம் வந்துவிட்டது.

சங்க அறையில் எல்லோரும் ரப்பர் செருப்போடு பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை எழுந்து நின்றார். கட்டடத்தில் கசிவே இல்லை, கசிந்தது தன் நரம்புதான் என்று நேராகச் சொன்னார். மூச்சு விஷயத்தையும் சொன்னார். சொல்லி முடித்ததும் கதவுப்பக்கம் பார்த்தார், அறைச் சாமான்களை எந்த வரிசையில் எடுக்கலாம் என்று மனத்துக்குள் ஓட்டிக்கொண்டிருந்திருப்பார்.

தையல்காரி மெதுவாகப் பக்கத்தில் இருந்த மேசையின் இரும்புக் காலைத் தொட்டாள். "எனக்கு இப்ப இல்ல" என்றாள். எதிர்வீட்டுக்காரர் தொட்டார், "எனக்கும் இல்ல." அவர் மனைவி, தனக்குப் போன வாரமே போய்விட்டது என்றாள். செருப்புகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. அறையே குணமாகிவிட்டது.

"எனக்கு இருக்கே" என்றார் செயலாளர்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"இன்னிக்குக் காலையிலகூடக் குழாயைத் தொட்டதும் சுரீர்னுச்சு. கையுறை கிழிஞ்சு போச்சு."

"மூச்சை மெதுவா விடுங்க சார்" என்றாள் தையல்காரி.

"நான் மெதுவாத்தான் விடறேன்."

"முட்டை சாப்பிடுவீங்களா?" என்று எதிர்வீட்டுக்காரர் கரிசனமாகக் கேட்டார்.

"தினம் ரெண்டு சாப்பிடறேன்யா."

"ரத்தம் குடுத்துப் பாத்துடுங்க சார். வெக்கப்படாதீங்க. இவரும் ஆரம்பத்துல ஒத்துக்கலையாம்" என்று எதிர்வீட்டுக்காரரின் மனைவி எழுந்துபோய் வீட்டிலிருந்து ஒரு டஜன் முட்டை கொண்டுவந்து செயலாளர் மடியில் வைத்தாள். செயலாளர் முட்டைகளைப் பிடித்துக்கொண்டு, எழவும் முடியாமல் கத்தவும் முடியாமல், "என் நரம்பு நல்லா இருக்கு, என் குழாய்தான் சரியில்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். யாரும் நம்பவில்லை. நோயாளிகள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்பதை அந்தக் கட்டடம் இப்போதுதான் படித்திருந்தது.

நம்பியது ஒரே ஒருவர். மாப்பிள்ளை தன் விரலைப் பார்த்தார், செயலாளரைப் பார்த்தார். எல்லா இடமும் ஒரே அளவு என்று இந்த மரத்த விரலை வைத்துத்தானே அன்றைக்குச் சொன்னோம் என்பது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். பக்கத்துக் கட்டடத்துக்காரரிடம் ஓடிப்போய் அந்த வயசான மீட்டரை இரவல் வாங்கி வந்தார். நான்காம் மாடிக்குப் படியேறினார். பின்னால் முட்டைகளோடு செயலாளர், அவர் பின்னால் மொத்தக் கட்டடம். குளியலறைக்குள் எள் போட இடமில்லை.

மாப்பிள்ளை, ஒரு காலத்தில் வாத்தின் கழுத்தைத் தடவிய அதே கையில் மீட்டரை ஏந்தி, ஒரு முனையைக் குழாயிலும் மறுமுனையைத் தரைக்குப் போகும் கம்பியிலும் அசையாமல் பிடித்தார். முள் துள்ளியது. சுடுநீர் ஹீட்டரின் உள்ளே கம்பி தேய்ந்து உடலைத் தொட்டுக்கொண்டிருந்தது, அதன் எர்த் கம்பி எங்கேயும் சேராமல் சுவருக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. கட்டடம் முழுவதிலும் உண்மையான கசிவு அது ஒன்றுதான். ஹீட்டரை அங்கேயே அணைத்துக் கழற்றிப் போட்டார். செயலாளர் முட்டைகளைக் கீழே வைத்துவிட்டு, கையுறை இல்லாத கையால் குழாயைத் தொட்டார், இன்னொரு தடவை தொட்டார், பிறகு மாப்பிள்ளையின் தோளைத் தட்டி, "நீயே இருப்பா" என்றார்.

இப்படியாக வேலையும் நிலைத்தது, இரண்டு அறையும் நிலைத்தன, என் மாப்பிள்ளையின் பெயரும்...

மகள் பட்டாணிக் கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டுத் தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"மீட்டரை அவர் பிடிக்கல. நான் பிடிச்சேன்" என்றாள். "அவர் விரல்ல அந்த முனை நிக்கவே இல்ல, ரெண்டு தடவை கீழ விழுந்துது. எங்க வைக்கணும்னு அவர் சொன்னார், நான் வச்சேன். இப்பவும் அப்படித்தான் வைக்கறோம், அவர் விரல்ல உணர்ச்சி பாதிதான் திரும்பியிருக்கு. செயலாளர் சொன்னதும் 'நீயே இருப்பா'ன்னு இல்லம்மா. 'நீங்க ரெண்டு பேரும் இருங்க'ன்னார். சரியா எழுது."